முன் சீட்டில் அக்கா

விமான நிலையத்துக்கும் நகரத்துக்கும் நடுவே ஓடும் பஸ்ஸை ஓட்டுகிறவன் அவன். அந்த வெளிநாட்டு நகரத்தில் யார் யாருடைய அம்மா, மாமியார், மச்சானையெல்லாமோ ஏற்றி இறக்கியிருக்கிறான். அடுத்தவர்கள் கட்டிப்பிடித்து அழுவதைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதே பிழைப்பாகிவிட்டது. அவனைத் தேடி மட்டும் ஒரு ஈ காக்கை வந்ததில்லை. கல்யாணமும் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் அதைப் பற்றிக் கேட்கிறவர்களும் ஓய்ந்துவிட்டார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு அக்காவிடமிருந்து போன். வேறொரு நாட்டில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போகிறாளாம், வழியில் இவன் ஊரில் விமானம் மாற வேண்டுமாம். காலையில் இறங்கினால் சாயங்காலம்தான் அடுத்த விமானம்.

"வெளிய வர அனுமதியும் வாங்கியாச்சுடா, வாலு!"

வாலு என்று அவனைக் கூப்பிட இந்த உலகத்தில் மிச்சமிருப்பவள் அவள் ஒருத்திதான்.

அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. லீவு சொன்னான். அறையைக் கழுவினான். ஜன்னலுக்குப் புதுத் திரை மாட்டினான். அன்றைக்கு விடியும் முன்பே எழுந்து சோறும் குழம்பும் ஆக்கி, மேசையில் இரண்டு தட்டுகளை எதிரெதிரே கவிழ்த்து வைத்தான். அக்காவை எதிரே உட்கார வைத்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு வேளை சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? அவனுக்குப் பதிலாக வர வேண்டிய ஓட்டுநருக்குக் காய்ச்சல். வேறு ஆளில்லை, நீயே வண்டியை எடு என்று டிப்போ மேலாளர் போனை வைத்துவிட்டார்.

ஆக, அக்காவுக்கு வரவேற்பு பஸ் படிக்கட்டில் நடந்தது. ஏறியவள் அவன் கன்னத்தைத் தொடுவதற்குள், பின்னால் நின்றவரின் பெட்டி அவளை இடித்துத் தள்ளியது.

"லீவு குடுக்கலக்கா. சாவி தரேன், வீட்டுல போய்ப் படு. ராத்திரி தூங்கியிருக்க மாட்டே."

"சுவரைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? நீ ஓட்டு. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்."

அவன் முதுகுக்கு நேர் பின்னால், முதல் சீட்டில் உட்கார்ந்தாள். நடுவில் இருந்த கண்ணாடித் தடுப்பில் ஒரு பலகை.

"இதுல என்னடா எழுதியிருக்கு?"

ஓட்டுநரோடு பேசாதீர்கள் என்று எழுதியிருந்தது.

"வாங்க வாங்கன்னு போட்டிருக்குக்கா."

போதாதா? ஆரம்பித்துவிட்டாள். "உன் மாமா மாடி ஏறுறதே இல்ல. கேட்டா மூட்டு வலியாம். மூட்டு என்ன பண்ணும் பாவம், சோம்பேறித்தனத்துக்கு அது மேல பழி!" என்றாள். பிரேக் போட்டால், "பாத்துடா!" என்றாள். இறங்குகிறவர்களிடமெல்லாம் அவனைக் காட்டி, "என் தம்பி" என்று தமிழிலேயே சொன்னாள். பாஷை தெரியாதவர்களும் ஒரே அச்சில் வார்த்த இருவர் மூக்கையும் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கினார்கள். அவன் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு ஓட்டினான். திரும்ப முடியவில்லை.

அவன் குடியிருக்கும் தெரு வந்தது. தினமும் சிவப்பு விளக்கைத் திட்டுகிறவன், இன்றைக்கு ஒரு தடவை விழுந்து தொலையேன் என்று வேண்டிக்கொண்டான். விழுந்தது.

"அக்கா, வலது பக்கம். மருந்துக்கடைக்கு மேல, மூணாவது மாடி. மஞ்சத் திரை. அதான் நம்ம வீடு."

அவள் குனிந்து கழுத்தை வளைத்துத் தேடுவதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

"பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். நல்லா இருக்குடா."

எந்த ஜன்னலைப் பார்த்தாளோ!

கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநருக்குச் சற்று ஓய்வு உண்டு. முதல் நடையில் நெரிசல் அதைத் தின்றுவிட்டது. அடுத்த நடையில் கிடைத்தது. இரண்டு டீ வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். அக்கா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள்.

எழுப்ப மனசு வரவில்லை. எதிர்ப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பார்த்தான். போனில் கேட்ட குரலுக்கு வயதே ஆகவில்லை. முகத்துக்கு ஆகியிருந்தது. காதோரம் நரைத்து, கன்னம் ஒட்டி, வாய் லேசாகத் திறந்து... நான் பக்கத்தில் இல்லாமலே இவள் கிழவியாகிறாளே என்று நினைத்துக்கொண்டான். டீ இரண்டும் ஆறிப்போயின. வண்டியை எடுக்கும் நேரம் வந்தது, எடுத்தான்.

விமான நிலையத்தில் இறங்கும்போது அக்கா திட்டினாள்.

"எழுப்பியிருக்கக் கூடாதாடா, பாவி? முகத்தைப் பாக்க வந்தவ முதுகைப் பாத்துட்டுப் போறேன்!"

ஓட்டுநர் அங்கே இருக்கையை விட்டு எழக் கூடாது. அவன் எழுந்து, இறங்கி, அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சோறாக்கி வெச்சிருந்தேங்கா."

ஏறக் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்கும் சேத்து நீ சாப்பிடு. கெட்டுப் போயிடும். ஏறு, ஆளுங்க நிக்கிறாங்க பாரு" என்று தோளைப் பிடித்துத் திருப்பி, படியில் ஏற்றிவிட்டாள்.

அவள் உள்ளே போனதும் கிளம்பலாம் என்று பார்த்தான். அவள் நகரவில்லை. கைப்பையைக் காலடியில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். நேரமாகிவிட்டது. கதவை மூடினான். வழியனுப்ப வேண்டியவன் அவன்தான். ஆனால் ஊரை விட்டு வந்த அன்றைக்கு நடந்த மாதிரியே, இன்றைக்கும் போகிறவன் அவனாகவும் நிற்கிறவள் அவளாகவும் ஆகிவிட்டது. பக்கக் கண்ணாடியில் அக்கா சின்னதாகிக்கொண்டே போனாள். அவன் தன்னையே பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போல. கையை உயர்த்தி, ரோட்டைப் பார்த்து ஓட்டு என்று முன்பக்கம் காட்டினாள்.