பாலில் வெந்த மீன்

சென்ற சனிக்கிழமை ஒடாஹுஹு மீன்கடையில் புகையூட்டிய மீனின் வாசம் மூக்கில் ஏறியதும், வாங்கப் போன கணவாயை மறந்து அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர் தள்ளுவண்டியால் இடித்த பிறகுதான் நகர்ந்தேன். அந்த வாசம் எனக்கு நோராவின் வீட்டு வாசம்.

நோரா அயர்லாந்துக்காரி. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், மங்கரேயில் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுவது என் வேலை. பக்கத்து மேசை அவளுடையது. ஐம்பதைத் தாண்டியவள், வாய் ஓயாதவள். ஜனவரி கடைசி ஞாயிறு என்னையும் மனைவியையும் சாப்பிடக் கூப்பிட்டாள்.

ஜனவரி இங்கே உச்சக் கோடை. வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில், கொதிக்கக் கொதிக்க ஒரு சூப். சௌடர் என்றாள். மட்டி, புகைமீன், உருளைக்கிழங்கு, போதாக்குறைக்குப் பசுப்பால்! மீனும் பாலும் சேர்ந்தால் தோலில் வெள்ளை விழும் என்று பயமுறுத்தி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். "விழுங்கிற மாதிரி நடியுங்கோப்பா" என்று மனைவி தமிழில் முணுமுணுத்தாள். நடிக்கத் தேவையிருக்கவில்லை, அவ்வளவு ருசி. பிறகு மூன்று நாள் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் என்பது வேறு கதை.

மேசையில் ஒரு கோப்பை கூடுதலாக இருந்தது. யாருக்கு என்று கேட்டேன், நோரா சொன்னாள். அவள் சிறுமியாக இருந்தபோது, அவளுடைய ஊரான டெரி நகரத்தில் உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் பிரித்தானிய இராணுவம் சுட்டது. பதின்மூன்று பேர் அன்றே செத்தார்கள். அதுவும் ஒரு ஜனவரி ஞாயிறு. அவளுடைய அண்ணனின் கூட்டாளி, ஊர்வலம் முடிந்து வருகிறேன், எனக்கும் சூப் எடுத்துவையுங்கள் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனவன், வரவில்லை. அங்கே அது குளிர்காலம். அதனால்தான் இங்கே வெயில் எரித்தாலும் அந்த நாளில் அவளுக்குச் சூப்.

யாராவது சாப்பிட வேண்டும், ஆறிவிடும் என்று கோப்பையை என் பக்கம் தள்ளினாள். உனக்கும் யாராவது இப்படிப் போனார்களா என்று கேட்டாள்.

ஒருவரும் இல்லை என்றேன். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு ஒரு தம்பி. போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் காணாமல் போனவன். அவன் இயக்கத்தில் இருந்தது தெரிந்தால் விசா கிடைக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அகதி விண்ணப்பத்தில் சகோதரர் இல்லை என்று எழுதிவிட்டேன். எழுதிய பொய்யைக் காப்பாற்ற வாயாலும் அதையே சொல்லவேண்டியிருந்தது. வீட்டில் அவனுடைய படம்கூட மாட்டவில்லை. ஆறு வருடம், ஒவ்வொரு ஜனவரியும், யாரோ ஒருவனுக்கு வைத்த சூப்பை நான் குடித்தேன். என் தம்பிக்கு ஒரு பிடி சோறு படைக்கவில்லை. நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

குடியுரிமை கிடைத்த பிறகு நோராவிடம் உண்மையைச் சொல்லப் போனேன். அதற்குள் அவள் தகனினிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில், ஆட்களை மறந்துபோய் இருந்தாள். நானே காய்ச்சிய சூப்பைக் கொண்டுபோயிருந்தேன். நான் யார் என்றே அவளுக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்து, எனக்கு ஒரு தம்பி இருந்தான் என்றேன். வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லாததை அவளிடம்தான் முதலில் சொன்னேன்.

நோரா என்னையும் சூப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவன் சாப்பிட்டானா?" என்று கேட்டாள்.

போன குளிர்காலத்தில் அவள் இறந்துபோனாள். அவள் வீட்டை இடித்துவிட்டு வரிசை வீடுகள் கட்டுகிறார்கள். அந்தச் சனிக்கிழமை புகைமீன் வாங்கி வந்து, பால் ஊற்றிக் காய்ச்சி, தம்பிக்கும் ஒரு கோப்பை வைத்தேன். அவன் சாப்பிட்டானா என்று கேட்கத்தான் இப்போது ஒருவரும் இல்லை.