அக்கி எழுதிய மூன்று நாள்

என் மனைவிக்கு மூட்டுவாதம். காலையில் விரல் கணுக்கள் வீங்கி, குழாயைத் திருகக்கூட என்னைக் கூப்பிடுவாள். நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை பார்ப்பவன். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். "ஒரு குழாய்க்கு எத்தன தடவ கூப்பிடுவ?" என்று கத்தியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வருடம், வாரம் ஒருநாள் ஊருக்கு வரும் மூட்டு டாக்டர் புது மாத்திரை எழுதினார். அது என்ன செய்யும் என்று கேட்டேன்.

"எதிர்ப்பு சக்தி அணுக்கள் ஒண்ணுக்கொண்ணு செய்தி அனுப்பும். வந்த செய்தியை அணுவுக்குள்ள ஒரு என்சைம் வாங்கிக் கடத்தும். இவங்களுக்குத் தேவையில்லாம வீங்கச் சொல்லிச் செய்தி போய்க்கிட்டே இருக்கு. மாத்திரை அந்த என்சைமைத் தடுத்துரும்" என்றார். காய்ச்சலோ கொப்புளமோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

ஒரு மாதத்தில் குழாயைத் தானே திருகினாள். சப்பாத்திக்கு மாவு பிசைந்தாள். எனக்குத் தொப்பை விழுந்ததற்கு அந்த மாத்திரைதான் காரணம்.

இந்த ஆடியில் அவள் இடுப்பில் வரிசையாகக் கொப்புளங்கள் வந்தன. அக்கி. எங்கள் பக்கம் அக்கி வந்தால் பானை செய்பவரிடம்தான் போவோம். மூன்று நாள் எழுதிக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் செங்காவியைக் குழைத்து, கொப்புளங்களின் மேல் இறகால் சிங்கம் வரைந்தார். எனக்கு அது எங்கள் ஊர் நாயாகத்தான் தெரிந்தது. பஸ்ஸில் அவளிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, வலியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் கொப்புளம் முதுகுக்கு ஏறியது. உடம்பும் கொதித்தது. பானைக்காரர் இறகைக் கீழே வைத்தார்.

"மாத்திர எதுவும் சாப்பிடுதியளாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் பானைகளைப் பார்த்தேன்.

"மொதல்ல டாக்டரப் பாருங்க. இது எங்கையில நிக்காது" என்றார் அவர்.

டாக்டர் வைத வசவில் இருவரும் தலை நிமிரவில்லை. "சின்ன வயசுல வந்த அம்மைக் கிருமி நரம்புல பதுங்கியிருக்கும். அதை அடக்குற அணுக்களுக்கும் செய்தி இதே என்சைம் வழியாத்தான் போகணும். வீக்கத்தை நிறுத்தினா காவலும் கொஞ்சம் அசரும். அதுக்குத்தான உடனே சொல்லச் சொன்னேன்?" என்றார். அக்கிக்கு மருந்து கொடுத்தார். அது ஆறும்வரை மூட்டு மாத்திரையை நிறுத்தினார்.

ஒரு வாரத்தில் விரல்கள் மறுபடி வீங்கின. சீப்பு அவள் கையில் நிற்கவில்லை. அவளைக் கீழே உட்காரவைத்து, கட்டிலில் அமர்ந்து நானே தலை வாரிவிட்டேன். பின்னல் கோணல்மாணலாக வந்தது. அவள் அழுதாள்.

"இழுத்துட்டேனா?"

"இல்ல. இதுக்குப் பயந்துதான் டாக்டர்ட்டச் சொல்லல. மாத்திரைய நிறுத்திட்டா ஒங்களுக்குத் திரும்பப் பாரமாயிருவேன்லா. நீங்க ஏசுவியளேன்னு."

அவள் முகம் அந்தப் பக்கம் இருந்த தைரியத்தில் சொன்னேன்.

"டாக்டர் சொன்னது எனக்கும் ஞாபகம் இருந்துச்சு. ஒங் கை பழையபடி ஆயிருமேன்னுதான் நானும் வாயத் தொறக்கல."

"தெரியும்" என்று தலையை என் மடியில் சாய்த்துக்கொண்டாள். "அந்த மூணு நாளும் மாத்திரைக்குத் தண்ணி மோந்து குடுத்ததே நீங்கதான."