ஸ்டெல்லா எடுத்து வைத்த காப்பி

அம்பத்தூரில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தேன். புதிதாக வந்த விண்டோஸ் கம்ப்யூட்டரை, எனக்குப் பிறகு சேர்ந்த ஸ்டெல்லாவுக்குக் கொடுத்துவிட்டார் முதலாளி. எனக்கு வயிறு எரிந்தது.

பழைய கம்ப்யூட்டரில் நான் அடித்த கல்யாணப் பத்திரிகையை விண்டோஸுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அவளிடம் கேட்க மனமில்லாமல், அவள் சாப்பிடப் போன நேரத்தில் நானே அந்த ஃபைல் இருந்த ஃப்ளாப்பியை அவள் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தேன். தமிழெல்லாம் கோணல்மாணலான குறிகளாகத் தெரிந்தது. பதறிப்போய் அப்படியே சேவ் செய்துவிட்டேன். அதன்பின் பழைய கம்ப்யூட்டரிலும் அது திறக்கவில்லை. கல்யாணப் பெண்ணின் அப்பாவோ பத்திரிகை கேட்டு வாசலில் வந்து நின்றார்.

"அழுவாதக்கா. நேத்தே உன் ஃபைல ஒரு காப்பி எட்த்து வெச்சிகினேன், தோ கீது பாரு" என்றாள் சாப்பிட்டுவிட்டு வந்த ஸ்டெல்லா.

இப்போதெல்லாம் காப்பி எடுக்காமல் எந்த ஃபைலையும் வேறு கம்ப்யூட்டரில் திறப்பதில்லை. எனக்கு முன்பே அவளுக்கு அது தோன்றியதே என்றுதான் இன்னும் பொறாமை!