வெயிலைத் துடைத்த படம்

பேய்ப் படத்தில் வேலை பார்த்தவன் சொல்லும் பேய்க் கதையை யார் நம்புவார்கள்? காதில் பூச்சுற்றுகிறேன் என்று தோன்றினால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். என் தங்கை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். இது நடந்தது.

எடுத்து வந்த படத்தின் நிறத்தைக் கூட்டிக் குறைப்பது என் தொழில். பகலை இரவாக்குவேன், பச்சைப் புல்லைக் காயவைப்பேன். அந்தப் பேய்ப் படத்தை எடுத்தது ஒரு மலையூரில். பஸ்ஸை விட்டு இறங்கி அரை நாள் நடக்க வேண்டும். என் தங்கை அங்கேதான் நர்ஸ். கூட்டக் காட்சிக்கு ஆள் போதவில்லை என்று அவளையும் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். படத்தைப் போட்டுப் பார்த்தால் ஊரெல்லாம் வெயில். மஞ்சள் சுவர்கள், கொடியில் துணிகள், முன்வரிசையில் வாய் நிறையச் சிரிக்கும் ஊர்த் தையல்காரர்.

டைரக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. ஒதுக்குப்புற ஊர் என்றால் அங்கே இருப்பவன் ஆளைத் தின்பவனாகத் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. வெயிலை எடுக்கச் சொன்னார். எல்லார் கண்ணையும் கறுப்பாக்கச் சொன்னார். ஊரை நீலமாக்கினேன். ஜன்னல்களை இருட்டாக்கினேன். ஒவ்வொரு கண்ணிலும் கறுப்பு வட்டம் போட்டேன். தங்கையை மட்டும் விட்டுவிட்டேன். கூடப்பிறந்தவள், கை வரவில்லை.

மறுநாள் காலை பார்த்தால், ஒரு ஜன்னலில் வெளிச்சம். மறந்திருப்பேன் என்று மறுபடி இருட்டாக்கினேன். சாப்பிட்டு வந்தேன்... திரும்பவும் வெளிச்சம். இந்த முறை உள்ளே ஒரு கை. கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தி வைத்திருந்த காட்சி அது. எதுவும் அசையக் கூடாது.

ஃபோன் அடித்தது. தங்கை.

"அண்ணா, நேத்துல இருந்து இங்க வெயிலே இல்ல. மேகமும் இல்ல. எல்லாம் நீலமா இருக்கு." மூச்சு வாங்கினாள். "ஊர்ல யாருக்கும் கண்ணு தெரியலண்ணா. எனக்கு மட்டும்தான் தெரியுது."

அந்த நேரம் பார்த்து டைரக்டர் உள்ளே வந்தார். திரையில் தங்கையின் முகத்தில் விரலை வைத்தார்.

"இவ மட்டும் ஏன் மனுஷி மாதிரி இருக்கா?"

தொட மாட்டேன் என்றேன். என்னை ஒதுக்கிவிட்டு அவரே மவுஸைப் பிடித்தார்.

க்ளிக்.

ஃபோன் என் காதில்தான் இருந்தது.

"அண்ணா... யாரு விளக்க அணைச்சது?"

அவரைத் தள்ளினேன். நிறம் மாற்றாத அசல் படத்தைத் தேடி ஓடவிட்டேன். வெயில்... மஞ்சள் சுவர்... சிரிப்பு.

"தெரியுதுண்ணா," என்று அழுதாள். பின்னால் ஊரே அழுதது.

நிறுத்திப் பார்த்தேன்.

"போச்சுண்ணா."

மறுபடி ஓடவிட்டேன்.

டைரக்டர் எனக்குப் பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு ஸ்டூடியோவில் முடித்தார். கறுப்பு வட்டங்களோடு படம் வெளியானது, நன்றாகவும் ஓடியது. தங்கையை மலையிலிருந்து என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். பிரயோஜனமில்லை. அசல் ஓடினால் அவளுக்கும் ஊருக்கும் கண் உண்டு, நின்றால் இல்லை. அதனால் அது என் வீட்டில் இரவு பகலாக ஓடுகிறது. கரண்ட் போனால் தாங்குவதற்குப் பேட்டரியும் வைத்திருக்கிறேன்.

போன மாதம் கரண்ட் போனபோது பேட்டரியும் கைவிட்டது. நல்ல பகல். எங்கள் கூடம் முழுக்க வெளிச்சம். அதன் நடுவில் தங்கை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கரண்ட் வந்து படம் ஓடியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்றிருந்தது.

"இருட்டுல நாங்க மட்டும் இல்லண்ணா. ஏதோ ஒண்ணு எங்க முகத்த ஒவ்வொண்ணா தடவிப் பாக்குது."

சாயங்காலம் மலையிலிருந்து தகவல் வந்தது. தையல்காரரைக் காணவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணி அப்படியே மெஷினில் இருக்கிறதாம்.

ஓடிக்கொண்டிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தேன். முன்வரிசையில் ஓர் இடம் காலி.

அவர் நிழல் மட்டும் வெயிலில் கிடந்தது.

அதற்கு அடுத்த இடத்தில் நிற்பவள் என் தங்கை.