எந்த ஆளுக சங்கம்?

ஊரிலேயே வேலை பார்க்கும் இளைஞர்களுக்கான எங்கள் குழு, பாளையங்கோட்டையில் ஒரு டீக்கடை மேசையில் தொடங்கியது. ஆடிட்டர், பொறியாளர், பிசியோதெரபிஸ்ட் என்று ஆள் சேர்ந்து சேர்ந்து, இப்போது கடைக்காரரே வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்.

இன்று நானும் ஆர்க்கிடெக்ட் ரெபேக்காவும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு மண்டபம் கேட்கப் போனோம்.

மண்டபத்து அண்ணாச்சி, "எந்த ஆளுக சங்கம்?" என்றார். சாதியைத்தான் அவ்வளவு மரியாதையாகக் கேட்டார்.

"எல்லா ஆளுகளும் இருக்கோம் அண்ணாச்சி" என்றாள் ரெபேக்கா.

"அப்படி ஒரு சங்கம் கிடையாதேம்மா. சண்டை வந்தா நான் யார்ட்ட போய்ப் பேச?"

"சண்டை எல்லா வாரமும் வரும் அண்ணாச்சி. ஃபேனை எத்தனைல வைக்கன்னுதான் வரும்."

அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, வாசல் பேனர்ல ஒரு தலைவர் படத்த மட்டும் போடுங்க. பாக்கவன் புரிஞ்சுக்கிடுவான். மண்டபம் தாரேன்."

"யார் படம் அண்ணாச்சி?"

"அதத்தானம்மா நானும் அப்ப இருந்து கேக்கேன்!"

ரெபேக்கா எழுந்துவிட்டாள். "படம் இல்லாமத்தான் பேனர் வைப்போம்."

மண்டபம் கிடைக்கவில்லை. கூட்டம் நடக்கும்.

மொட்டை மாடி உள்ளவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். வாடகை தருவோம், பெருக்கியும் விடுவோம். படம் மட்டும் கேட்காதீர்கள்.