கைபிடிக்காத ஐம்பது மீட்டர்

எங்கள் மையத்துப் பிசியோதெரபிஸ்டுக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச் மேடம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரத்தில், எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. அதை டைப் அடிப்பது என் வேலை. பதினோரு வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் அவர் அரை மீட்டர் கூட்டிப் போட்டதில்லை. நடக்கும்போது ஒரு சபாஷ்கூட வராது. சொன்னால் பிள்ளை நமக்காக நடக்கும், அது சேர்த்தி இல்லை என்பார்.

அன்று வந்தவளுக்கு ஏழு வயது, இரண்டு கையிலும் ஊன்றுகோல். அவள் அக்கா படிக்கும் பள்ளியில் இடம் தரத் தயார். ஆனால் வாசலிலிருந்து வகுப்புவரை ஐம்பது மீட்டர் யாரும் பிடிக்காமல் நடப்பாள் என்று எங்கள் கடிதம் வேண்டுமாம். சேர்க்கைக்கு அன்றுதான் கடைசி நாள்.

பன்னிரண்டாவது மீட்டரில் விழுந்தாள். உட்காரவைத்து மறுபடி நடக்கவிட்டார், பதினைந்தில் விழுந்தாள். வீட்டில் நன்றாக நடக்கிறாளே என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. நடந்தாள் என்று எழுதினால் என்ன குடிமுழுகிவிடும் என்று மேடத்தின் காதைக் கடித்தேன்.

"பொய் எழுதிட்டா நாளைக்கு அங்க விழப்போறது நீயா, அவளா?"

என்றபடி மேடம் தரையில் உட்கார்ந்து அவளுடைய ஷூ முனையை அழுத்திப் பார்த்தார். விரல் அதுவரை எட்டவே இல்லை. வளர்கிற பிள்ளையாயிற்றே என்று இரண்டு சைஸ் பெரிதாகப் புதுசு வாங்கி, எங்கள் வாசலில் வைத்து மாட்டிவிட்டிருக்கிறார் அம்மா. முனை தேய்ந்த பழசு பைக்குள் ஒளிந்திருந்தது. அதைப் போட்டு வந்தால் மானம் போய்விடுமாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மேடம் திட்டவில்லை, வருகிற அம்மாக்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள்.

பழைய ஷூவோடு, அரை மணி ஓய்வுக்குப் பிறகு, மறுபடி நடந்தாள். எங்கள் நடைபாதை இருபத்தைந்து மீட்டர், போய்த் திரும்ப வேண்டும். திரும்புமிடத்தில் ஆடினாள். அம்மாவின் கை தானாக நீண்டது. நான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் நின்றாள், மூச்சு வாங்கினாள், திரும்பினாள். பிறகு வழியில் எங்கும் நிற்கவில்லை.

'ஆள் துணை தேவையில்லை' என்று மேடம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிள்ளையின் சட்டையைப் பிடித்தபடி இத்தனை வருடம் குனிந்தே நடந்த அம்மா, அந்த வரியை இரண்டு தரம் படித்தார்.

"அப்போ இனிமே காலையில எனக்கு என்னங்க வேலை?" என்றார்.

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் அழுதுவிட்டார்.