ஒரு முழக் கூடை

மேடையேறிப் பேசிக் கைதட்டு வாங்குவதில் சங்கத்து அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. பழங்குடிப் பெண்களுக்குச் சொந்தத் தொழில் வேண்டும் என்று வாய் ஓயாமல் பேசி, மூங்கில் கூடை பின்னும் பதினொரு பேரைத் தோட்டக் கூலி வேலையிலிருந்து நிறுத்தியவள் அவள்தான். தோட்டத்து லாரியில் ஓர் இடம் காலியானால் மறுநாளே வேறொருத்தி ஏறிவிடுவாள். அது தெரிந்தும் அவளை நம்பி வந்தார்கள்.

முதல் ஆர்டர் நகரத்து விடுதி ஒன்றிலிருந்து வந்தது. அலமாரித் தட்டில் பொருந்துகிற மாதிரி இருநூறு கூடைகள், நாற்பத்தைந்து சென்டிமீட்டர் அகலம். அக்கா டேப்பைத் தன் கையோடு வைத்துப் பார்த்தாள். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை கச்சிதமாக நாற்பத்தைந்து! இவர்களுக்கு எதற்குச் சென்டிமீட்டர் தொல்லை என்று நினைத்து, "ஒரு முழம் அகலம், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டாள். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்! யாருடைய முழம் என்று அவளும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பின்னுகிறவள் தன் கையால் அளப்பதுதான் அங்கே வழக்கம். முடிந்த கூடைகளை அக்கா விதவிதமாகப் போட்டோ எடுத்தாளே தவிர, ஒன்றைக்கூட அளக்கவில்லை.

பொருந்தியது முப்பத்தொன்று. நெட்டச்சி என்று கூப்பிடப்படுகிறவளின் கூடைகள் தட்டுக்குள் நுழையவே இல்லை. குள்ளச்சியின் கூடைகள் உள்ளே லொடலொடவென்று ஆடின. அத்தனையும் திரும்பி வந்தன. அக்கா போனில் கெஞ்சினாள்.

"பிளாஸ்டிக் கூடையே வாங்கிட்டோம் மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார் விடுதி மேலாளர்.

சங்கத்துக் கொட்டகையில் பெண்கள் ஒருத்தி கையோடு மற்றவள் கையை ஒட்டி வைத்துப் பார்த்தார்கள்.

"உன் கை ஏணியாட்டம் வளந்ததுக்கு நாங்க என்னடி பண்றது?" என்றாள் குள்ளச்சி. எல்லோரும் சிரித்தார்கள்.

"தப்பு என்னோடதும்மா" என்றாள் அக்கா. யாரும் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை.

மறுநாள் காலை பதினொரு பேரும் பழைய கூலிக்கே போகச் சாலையில் நிற்க, தோட்டத்து லாரி வந்தது. மேஸ்திரி எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

"அண்ணே, மிச்சம் மூணு பேர்தான். கொஞ்சம் மனசு வைங்க!" என்றாள் அக்கா.

"நீங்கதானேம்மா நிறுத்தினீங்க? மிச்ச இடத்துக்கெல்லாம் ஆள் போட்டாச்சு."

லாரி போய்விட்டது. நின்ற மூவரில் நெட்டச்சியும் ஒருத்தி. இரண்டு பிள்ளைகளுக்கு அவள் கூலிதான் சோறு.

"அக்கா, அந்த டேப்ப எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க. எப்படிப் பாக்குறதுன்னும் சொல்லுங்க. அடுத்த ஆர்டர்ல தப்பு வராது" என்றாள்.

அடுத்த ஆர்டர் எங்கே இருக்கிறது? அக்கா சாலையோரத்திலேயே டேப்பை விரித்து, நாற்பத்தைந்து எங்கே வருகிறது என்று காட்டினாள்.